பெர்லினைக் கெடுத்தது டெக்னோ ரசிகனா? கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்

பெர்லின்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. வாடகை ஏறினாலும் சரி, பிடித்த கிளப்புக்குப் பூட்டு விழுந்தாலும் சரி, யாரைத் திட்டுவது என்று அவர்கள் யோசிக்கவே வேண்டாம். வெளியூரிலிருந்து வந்தவனைத் திட்டினால் போதும். 2012 முடிந்து 2013 பிறந்த நேரம். அப்போது ஜெர்மன் நாடாளுமன்றத்தின் துணைத் தலைவர்களில் ஒருவராக இருந்த வோல்ஃப்காங் தீர்சே, தன் பேட்டையான ப்ரென்ட்ஸ்லாவர் பெர்க்கில் குடியேறிய ஸ்வாபியாக்காரர்கள் பேக்கரியில் பன்னுக்குப் பெர்லின் பெயரைச் சொல்லாமல் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு பேட்டியில் அலுத்துக்கொண்டார். ஸ்வாபியா ஒன்றும் வேற்று நாடு இல்லை, அதே ஜெர்மனியின் தென்மேற்கு மூலைதான். ஒரு பன்னுக்கே இந்தப் பாடு என்றால், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் டெக்னோ கேட்பதற்காகவே மூட்டை கட்டிக்கொண்டு வந்தவன் கதி என்ன ஆகும்?

ஆனது இதுதான். 2011 வாக்கில் க்ரொய்ட்ஸ்பெர்க், நொய்கோல்ன் பக்கச் சுவர்களில் அவனை "திரும்பிப் போ" என்று சொல்லும் ஸ்டிக்கர்களும் கிறுக்கல்களும் முளைத்தன. குற்றப்பத்திரிகை ரொம்பச் சுருக்கம். அவன் வந்தான், அவன் பின்னால் பணம் வந்தது, பணத்தின் பின்னால் வாடகை ஏறியது, வாடகை ஏறியதால் கிளப் மூடியது. ஆக, எதைத் தேடி வந்தானோ அதை அவனே கொன்றுவிட்டான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிரேக்க நாடகம் மாதிரி ஒரு கச்சிதம். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகூட இதே கச்சிதத்தோடுதான் இருக்கும்.

முதலில் அந்த ஊருக்கு டெக்னோ எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அது பெர்லினில் பிறந்த சரக்கே அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் வுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் 1980-களில் டிரம் மெஷினையும் சிந்தசைசரையும் வைத்துக்கொண்டு உருவாக்கியது. 1988-ல் லண்டனிலிருந்து ஒரு தொகுப்பு ஆல்பம் வெளிவந்த பிறகுதான் டெக்னோ என்ற பெயரே ஐரோப்பாவில் பரவியது. மறு வருடம் நவம்பர் 9-ல் பெர்லின் சுவர் விழுந்தது. கிழக்கில் தொழிற்சாலைகள் மூடின, ஆட்கள் மேற்கே போனார்கள். எந்தக் கட்டடம் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல ஆளில்லை. 1991 மார்ச்சில், வெர்ட்ஹைம் என்ற பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டக அறையில் டிமித்ரி ஹேகமானும் கூட்டாளிகளும் ட்ரெசோர் கிளப்பைத் திறந்தார்கள். பெயருக்கே பெட்டகம் என்றுதான் அர்த்தம். துருப்பிடித்த லாக்கர்களுக்கு நடுவே டெட்ராய்ட்காரர்களின் இசை. அந்தக் கிளப் நடத்திய ரெக்கார்டு கம்பெனியின் முதல் வெளியீடே டெட்ராய்ட்டின் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினருடையது.

"அதாவது காலிக் கட்டடமும் இனாம் வாடகையும்தான் பெர்லினை உருவாக்கின, பிற்பாடு வந்த ரசிகன் வெறும் ஒட்டுண்ணி" என்று இந்த இடத்தில் ஒருவர் கட்டாயம் குறுக்கிடுவார். இந்த வாதம் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. காலிக் கட்டடம் இருந்தால் போதும் என்றால் டெட்ராய்ட் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? 1950-ல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த ஊர் அது. 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. காலித் தொழிற்சாலைக்குப் பஞ்சமா, இடிந்த தியேட்டருக்குப் பஞ்சமா? இசையைக் கண்டுபிடித்த ஆட்களும் அங்கேயே இருந்தார்கள். ஆனால் அவர்கள் சம்பாதித்ததில் பெரும்பகுதி விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போய் வாசித்துச் சம்பாதித்தது. ஏன்?

மிஷிகன் மாநிலத்தில் இரவு 2 மணிக்கு மேல் மது விற்கக் கூடாது. அதோடு கிளப்பின் வரவு செலவு முடிந்தது. பெர்லினில் அந்தத் தொல்லையே கிடையாது. இதற்குக் காரணம் கலைத் தாகம் எதுவும் இல்லை. 1949-ல் கிழக்குப் பகுதியும் மேற்குப் பகுதியும் கடை மூடும் நேரத்தைப் போட்டி போட்டுத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தன. ஹைன்ஸ் ட்செல்லர்மயர் என்ற ஓட்டல்காரர் கையில் ஒரு விஸ்கி பாட்டிலோடு அமெரிக்கத் தளபதி ஃப்ராங்க் ஹௌலியைப் போய்ப் பார்த்து, மேற்கு பெர்லினில் மூடும் நேரம் என்பதையே எடுத்துவிடச் செய்தார். இன்றைக்கு ஞாயிறு மதியம் வரை ஆடுகிறவர்கள் சுதந்திரம், எல்லையின்மை என்றெல்லாம் விடும் பில்டப்புக்குப் பின்னால் இருப்பது ஒரு ஓட்டல்காரரின் வியாபாரக் கவலை. (நல்ல வியாபாரம்தான், குறை சொல்வதற்கில்லை.)

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். டெட்ராய்ட்டை விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பெர்லினுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சுவர் இருந்த காலத்திலேயே அது வந்தேறிகளின் ஊர். மேற்கு பெர்லினில் வசிப்பவனை மேற்கு ஜெர்மனி கட்டாய ராணுவ சேவைக்கு இழுக்க முடியாது. நேச நாடுகளின் கட்டுப்பாட்டில் இருந்த நகரம் என்பதால் அப்படி ஒரு சலுகை. துப்பாக்கி தூக்கப் பிடிக்காத மேற்கு ஜெர்மானியப் பையன்கள் கும்பல் கும்பலாக அங்கே போய்ப் பதிவு செய்துகொண்டார்கள். இன்று 'அசல் பெர்லின்காரன்' என்று மார்தட்டும் எத்தனையோ நரைத்த தலைகள் அப்படி வந்தவைதான். அவர்கள் வந்தபோது பன்னுக்கு என்ன பெயர் சொன்னார்கள் என்று தீர்சே சொல்லவில்லை :)

ஆக, கட்டடம் இரண்டு ஊரிலும் இருந்தது. வந்து குடியேறுகிற ரசிகன் ஒரு ஊரில்தான் இருந்தான். மியூனிக்கில் பிறந்த ராபர்ட் ஹென்கே பெர்லினுக்கு வந்து கெர்ஹார்ட் பேலஸோடு சேர்ந்து மோனோலேக் என்ற பெயரில் இசை செய்தார். அந்த வட்டத்திலிருந்துதான் 1999-ல் ஏபிள்டன் நிறுவனம் பிறந்தது. 2001-ல் அது வெளியிட்ட மென்பொருளில்தான் இன்று உலகத்தில் பாதிப் பேர் மெட்டுப் போடுகிறார்கள். சவுண்ட்க்ளவுட் தொடங்கிய இருவரும் ஸ்டாக்ஹோமிலிருந்து 2007-ல் பெர்லினுக்குக் கடையை மாற்றிக்கொண்டவர்கள். இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த டெட்ராய்ட்டில் இசை கற்ற ரிச்சி ஹாட்டின், 2000-களின் தொடக்கத்தில் நியூயார்க் வழியாக பெர்லின் வந்து சேர்ந்தார். இவர்கள் எல்லாரும் முதலில் ரசிகர்கள். வாடகை கொடுத்தார்கள், வரி கட்டினார்கள், வேலை கொடுத்தார்கள். இவர்களை ஒட்டுண்ணி என்றால் வயிற்றுக்குச் சோறு போடுகிறவனையும் ஒட்டுண்ணி என்றுதான் சொல்ல வேண்டும்.

சரி, வாடகைக்கு வருவோம். இதில்தான் ஜல்லியடிப்பு அதிகம்.

2001-ல் பெர்லின் மாநில அரசுக்குப் பெரும்பங்கு சொந்தமான ஒரு வங்கிக் குழுமம் ரியல் எஸ்டேட் கடன்களில் மூழ்கியது. அதில் ஆட்சியே கவிழ்ந்தது. புதிதாக மேயரான க்ளாவுஸ் வோவரைட், 2003-ல் தன் நகரத்தை ஏழைதான், ஆனால் கவர்ச்சியானது என்று வர்ணித்துப் பெயர் வாங்கினார். வசனத்தில் ஏழை என்ற பாதியை எல்லாரும் சிரித்துக்கொண்டே தாண்டிப் போய்விட்டார்கள். அந்த ஏழ்மைக்கு மருந்தாக 2004-ல் நகரம் என்ன செய்தது தெரியுமா? தனக்குச் சொந்தமான ஜிஎஸ்டபிள்யூ என்ற வீட்டு நிறுவனத்தை, சுமார் 65,000 வீடுகளோடு, அமெரிக்க முதலீட்டு நிதிகளின் கூட்டணி ஒன்றுக்கு 40.5 கோடி யூரோவுக்கு விற்றது. வகுத்துப் பாருங்கள். ஒரு வீடு ஏறக்குறைய 6,200 யூரோ. நிறுவனத்தின் தலையில் இருந்த சுமார் 156 கோடி யூரோ கடனையும் வாங்கியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள், அதைச் சேர்க்காவிட்டால் கணக்கு நியாயமாகாது. சேர்த்தாலும் ஒரு வீடு முப்பதாயிரம் யூரோவைச் சுற்றித்தான் வருகிறது.

2021-க்கு வாருங்கள். அதே நகரம், வோனோவியா, டாய்ட்ச வோனன் என்ற இரண்டு தனியார் வீட்டு நிறுவனங்களிடமிருந்து சுமார் 14,750 வீடுகளையும் சில நூறு கடைகளையும் 246 கோடி யூரோ கொடுத்து வாங்கியது. ஒரு வீடு 1,66,000 யூரோவுக்கு மேல். விற்ற அதே வீடுகளை அப்படியே திரும்ப வாங்கினார்கள் என்று இங்கே வாதிடவில்லை. ஆனால் அந்த டாய்ட்ச வோனன்தான் 2013-ல் ஜிஎஸ்டபிள்யூவையும் விழுங்கியிருந்தது என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. முப்பதாயிரத்துக்கு விற்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிற வியாபாரத்தை மளிகைக் கடைக்காரர் செய்தால் வீட்டில் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். இங்கே என்னவென்றால், ஈஸிஜெட்டில் வந்து இறங்கிய இருபத்து மூன்று வயதுப் பையன் மேல் பழி போடுகிறார்கள்.

ஈஸிஜெட் பெர்லின் ஷோனஃபெல்டில் தளம் அமைத்ததும் அதே 2004-ல்தான். பெர்க்ஹைன், ஒரு பழைய மின் நிலையத்துக்குள், திறந்ததும் அதே ஆண்டு. டோபியாஸ் ராப் 2009-ல் இதைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே ஈஸிஜெட்டை வைத்து ஒரு சொல்லை உருவாக்கிவிட்டார். வார இறுதிக்கு வந்து ஆடிவிட்டுத் திங்கள்கிழமை ஆபீசுக்குப் போகும் கூட்டம் நிஜம், மறுப்பதற்கில்லை. அவர்களில் ஒரு பகுதி அங்கேயே தங்கியதும் நிஜம். ஆனால் தங்கியதற்குக் காரணம் இசை மட்டும்தானா? 2012-லும் 2013-லும் ஸ்பெயினில் 25 வயதுக்குக் கீழே வேலை தேடியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை இல்லை. ஊரில் அம்மா வீட்டில் உட்கார்ந்து ஹெட்ஃபோனில் கேட்பதா, இல்லை பெர்லினில் ஒரு பாரில் கிளாஸ் கழுவிக்கொண்டு நேரில் கேட்பதா என்பதுதான் அவன் முன்னால் இருந்த தேர்வு. அவனைப் பார்த்து 'டெக்னோவுக்காக நாடு மாறிய பணக்காரப் பையன்' என்பது கொஞ்சம் ஓவர்.

அப்படி வந்தவர்களுக்கு வீடு வேண்டாமா என்றால், அந்த ஆண்டுகளில் நகரின் சொந்த வீட்டு நிறுவனங்கள் புதிதாகக் கட்டுவதையே ஏறக்குறைய நிறுத்தி வைத்திருந்தன. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாடகைக்கு இருக்கும் ஊர் அது. வீட்டை விற்றாயிற்று, கட்டுவதையும் நிறுத்தியாயிற்று, ஆட்கள் வருகிறார்கள். வாடகை ஏறாமல் என்ன செய்யும்? 2020-ல் வாடகைக்கு உச்சவரம்புச் சட்டம் போட்டார்கள், 2021 ஏப்ரலில் அரசியல் சாசன நீதிமன்றம் அது மாநிலத்தின் அதிகாரத்துக்குள் வராது என்று தூக்கி எறிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், பெரிய வீட்டு நிறுவனங்களின் வீடுகளைப் பொதுவுடைமை ஆக்கலாமா என்ற வாக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆம் என்றார்கள். கவனியுங்கள், அந்த வாக்குச் சீட்டில் ரசிகன் பெயர் இல்லை. யார் மேல் கோபம் என்பது பெர்லின்காரர்களுக்கு ஓட்டுப் போடும்போது தெளிவாகத் தெரிகிறது, சுவரில் கிறுக்கும்போதுதான் மறந்துபோகிறது.

கிளப்புகள் மூடிய கதையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் ரசிகன் கைரேகை கிடைக்காது. ட்ரெசோர் 2005-ல் பெட்டக அறையை இழந்தது, அந்த நிலம் அலுவலகக் கட்டடத்துக்குப் போனதால். (2007-ல் வேறொரு பழைய மின் நிலையத்தில் மறுபடி திறந்தது. வெர்ட்ஹைம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மால்.) 1952 முதல் இருந்த க்நாக் கிளப் 2010 கடைசி நாளோடு முடிந்தது. பக்கத்திலேயே புதிதாக அடுக்குமாடி கட்ட அனுமதி கொடுத்த அலுவலகம், ஏற்கெனவே அங்கே ஒரு கிளப் இருக்கிறது, சத்தம் தடுக்கும் சுவர் வேண்டும் என்று யோசிக்கவில்லை. குடிவந்தவர்கள் வழக்குப் போட்டார்கள், அறுபது வருடக் கடைக்குப் பூட்டு. அந்த அடுக்குமாடிகளில் முன்னாள் ரசிகர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்களா என்று கேட்டால், இருந்திருக்கலாம். இருபத்து மூன்றில் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றவன் முப்பத்து எட்டில் குழந்தையைத் தூங்க வைக்கிறான். காதில் ஓயாத ஒரு ரீங்காரம், இடுப்பு வலி, காலை எட்டு மணிக்குக் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். அவனுக்கு இப்போது அமைதி தேவைப்படுவது துரோகம் அல்ல, வயது. ஒரு மனுஷனுக்கு வயதாகும் என்பதை எதிர்பார்த்துச் சுவர் கட்டச் சொல்வதற்குத்தான் நகரத் திட்ட அலுவலகம் என்று ஒன்றை வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி வாட்டர்கேட். ஸ்ப்ரே ஆற்றங்கரையில், ஓபர்பாம் பாலத்தருகே, 2002 முதல் இருந்த கிளப். 2024 முடிவோடு மூடிக்கொண்டது. ஏறிய வாடகை, ஏறிய செலவு, இவற்றோடு நடத்தியவர்கள் சொன்ன இன்னொரு காரணம், கிளப்புக்காகவே வெளியூர்க்காரர்கள் வெள்ளமாக வந்த காலம் முடிந்துவிட்டது என்பது. இதை இரண்டு முறை படிக்க வேண்டும். ரசிகன் வந்ததால் கிளப் சாகிறது என்று பதினைந்து வருடம் திட்டினார்கள். கடைசியில் அவன் வராததால் செத்தது.

இதில் அரசின் நடிப்பு தனி ரகம். நுழைவுக் கட்டணத்துக்கு 19 சதவீதம் வரி கட்ட வேண்டுமா, கச்சேரிக்கு உரிய 7 சதவீதமா என்று பெர்க்ஹைன் வருமானத்தின் மேல் ஒரு வழக்கே நடந்து, 2016-ல் நீதிமன்றம் கச்சேரிதான் என்று சொல்ல வேண்டியிருந்தது. 2021 மே மாதம் நாடாளுமன்றம் விழித்துக்கொண்டு, கிளப்புகளைச் சூதாட்ட விடுதிகளோடு ஒரே பட்டியலில் வைக்காமல் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலில் ஏறியது. மாலை போட்டுப் படத்தை மாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அதே ஆண்டுக் கடைசியில்தான் வாட்டர்கேட்.

இவ்வளவு சொன்னதால் ரசிகன் புனிதன் என்று அர்த்தமில்லை. அவன் அடிக்கடி சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது: இசைக்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன் அவன். இதைக் கேட்டால் மட்டும் சிரிப்பு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் பையில் இருந்தது, பிடிக்காவிட்டால் இருநூறு யூரோவுக்குள் டிக்கெட் வாங்கி ஊருக்குப் போயிருக்கலாம். எதை விட்டான்? ஒரு பிரிட்டிஷ்காரனுக்கே இதன் அருமை 2021 ஜனவரிக்குப் பிறகுதான் புரிந்தது. அதுவரை நினைத்தபோது வந்து நினைத்த மட்டும் தங்கியவன், இப்போது விசா இல்லாமல் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். ஜார்ஜியா நாட்டு ரசிகர்களுக்கு அந்த 90 நாள்கூட 2017-ல்தான் கிடைத்தது. அவர்களுடைய திப்லிசியில் 2018 மே மாதம் பஸ்சியானி கிளப்புக்குள் ஆயுதம் ஏந்திய போலீஸ் புகுந்தபோது, ஆயிரக்கணக்கில் நாடாளுமன்றத்தின் வாசலுக்குப் போய் அங்கேயே ஸ்பீக்கர் வைத்து ஆடினார்கள். வேறு ஊருக்குப் போய் ஆடலாம் என்பது அவர்களில் பலருக்கு இல்லாத வசதி.

இந்தியப் பாஸ்போர்ட்டோடு படிக்கப் போகிறவனோ, 2024 செப்டம்பர் முதலான கணக்குப்படி, வருடத்துக்கு 11,904 யூரோவை முடக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்கில் போட்டுக் காட்டிய பிறகுதான் விசா அதிகாரி முன்னால் உட்காரலாம். டெக்னோ பிடிக்கும் என்று அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. எழுதினாலும் ஆபத்து. டெட்ராய்ட்டில் இந்த இசையைப் பெற்றெடுத்த ஊரின் பிள்ளைகளுக்கும் பெர்லின் என்பது வாசித்துவிட்டுத் திரும்பும் இடம்தான், பெரும்பாலோருக்கு. பெர்லினில் குடியேறிய ரசிகன் தன்னைத் தியாகி என்று சொல்லிக்கொள்ளும்போது இந்த வரிசையில் தான் எத்தனையாவது ஆள் என்று ஒரு தடவை எண்ணிக்கொண்டால் நல்லது. வாடகை விஷயத்தில் அவன் மேல் பழி இல்லை என்பது வேறு, அதிர்ஷ்டத்தைத் தியாகம் என்று கணக்கெழுதுவது வேறு.

இப்போதைய விவகாரம் ஏ100 நெடுஞ்சாலை. அதன் 16-வது பகுதி, வெறும் 3.2 கிலோமீட்டர், எழுபது கோடி யூரோவுக்கு மேல் விழுங்கிவிட்டு 2025 ஆகஸ்டில் ட்ரெப்டோ பூங்கா வரை வந்து திறந்தாயிற்று. அடுத்த 17-வது பகுதி திட்டமிட்டபடி நீண்டால் ஆற்றைத் தாண்டி ஓஸ்ட்க்ரொய்ட்ஸ் வழியாகப் போகும். அந்தக் கோட்டின் மேலும் ஓரத்திலும் இருப்பவை கிளப்புகள், அபௌட் ப்ளாங்க் உட்பட. கட்டுவதா வேண்டாமா என்ற சண்டையில் சாலையை மறித்து ஸ்பீக்கர் கட்டி ஆட்டம் போட்டு எதிர்ப்புத் தெரிவிக்கிற கூட்டத்தில் இத்தாலியக் குரலும் ஸ்பானியக் குரலும் நிறையவே கேட்கும். அவர்களில் பலருக்கு அங்கே ஓட்டு இல்லை. கோடு போட்டவர்களுக்கு இருக்கிறது.